படித்தால் அழித்துவிடு

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமை வந்தேவிட்டது.

போன வாரம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மாமியார் குறித்த நாள் இதுதான். "ஏழு வருஷமா வாசலப் பாத்தாச்சு. புதன்கிழமை மத்தியானம் வக்கீல்கிட்ட போறோம். நீ கையெழுத்துப் போடற" என்றாள். கொழுந்தன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அண்ணி ஆகிப்போனவள் அந்த மருமகள். தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்து போனாள். அதைச் சம்மதம் என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

வக்கீல் வாசித்துக் காட்டியிருந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். 'என் கணவரிடமிருந்து நேரிலோ, ஆள் மூலமோ, வேறு எந்த வழியிலோ இன்றுவரை எனக்கு எந்தச் சேதியும் வரவில்லை.' இதன் கீழே அவள் கையெழுத்து விழுந்து கோர்ட்டுக்குப் போனால், ஊர் ஊராய் லிஃப்ட் மாட்டப் போன அந்த மனிதர் சட்டப்படி இறந்தவர். வீடு அவர் பேரிலிருந்து இறங்கும். முன்னறையை இடித்துக் கொழுந்தன் கடை போடுவான். மாமியார் வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வேறு எதையாவது பார்ப்பாள்.

கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அண்ணியின் வேலை. ஈரக் கல் சக்கரம் ஓயாமல் சுற்றும். வட்ட லென்ஸின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஃபிரேமுக்குள் உட்காரும் அளவுக்குக் கொண்டுவரும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தாலும் லென்ஸ் குப்பைக்குத்தான். அதனால் அந்த வேலையில் இருக்கும்போது அவள் வேறெதையும் நினைப்பதில்லை. நினைக்காமலிருக்க ஓர் இடம் கிடைத்ததே என்றுதான் அந்த வேலையில் இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை முதல் லென்ஸை முடித்துத் துடைத்துவிட்டு, கையை உலர்த்திக்கொண்டு, மடியிலிருந்த போனை எடுத்தாள். விரல் தேய்ந்து எண்கள் மங்கிய பட்டன் போன். படம் எதுவும் வராதபடி நிறுத்திவைத்த பிரவுசர். படம் வரவேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம், சுற்றிலும் எழுத்து. இப்படிப் பார்த்தால் ஒரு வாரத்துக்குப் போட்ட இன்டர்நெட் ஒரு மாதம் வரும். ஒரு முகத்தைக் கூடப் பார்க்காமல் உலகச் செய்தியெல்லாம் படித்துவிடுவாள்.

சேமித்த பக்கங்களைத் திறந்தாள். ஏதோ குறைவது போலிருந்தது.

பட்டியலின் தலையிலிருந்த பக்கத்தைக் காணோம்.

கை பட்டு அழிந்திருக்கும் என்று நினைத்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். இப்போது அதற்கு அடுத்ததும் இல்லை.

சக்கரம் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டும் சத்தம் திடீரென்று பக்கத்தில் வந்து நின்ற மாதிரி கேட்டது.

அந்தப் பட்டியலைப் பற்றி இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவள். இன்னொருவர் இன்று மத்தியானம் இறக்கப்போகிறவர்.

ஆரம்பத்தில் அது கொழுந்தனின் சோம்பேறித்தனத்தால் வந்தது. போன் ரிப்பேர் கடையில் எந்நேரமும் பிளக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு 'சார்ஜர்' என்று பெயர். அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கிக் கொடுத்தவன், தனித்தனியாகக் கணக்குத் திறக்க அலுப்புப்பட்டு, இரண்டு பிரவுசருக்கும் ஒரே பேரையும் ஒரே பாஸ்வேர்டையும் போட்டுத் தொலைத்தான். விளைவு, அவர் அங்கே ஒரு பக்கத்தைச் சேமித்தால் இவள் போனிலும் அது வந்து உட்கார்ந்தது. 'ரெண்டாம் கை மோட்டார் விற்பனை' என்று ஒரு நாள் திடீரென்று தன் போனில் முளைத்ததைப் பார்த்து, பேய் பிடித்துவிட்டதென்று அவள் போனைச் சோற்றுப் பானை மேல் போட்டாள்.

அவருக்குத்தான் அதன் உபயோகம் புரிந்தது. வெளியூரிலிருந்து பேசினால் காசு பறக்கும். மெசேஜுக்கும் தனிக் காசு. இதற்கு ஒன்றும் இல்லை. ஏதாவது ஒரு லேசான பக்கத்தைச் சேமித்து, அதன் தலைப்பை மாற்றிச் சொல்ல நினைத்ததை அங்கே எழுதிவிட்டால் போதும். எதிராளி படித்ததும் அழித்துவிட வேண்டும். அழிந்தால், பார்த்தாயிற்று என்று அர்த்தம். பதில் கூட வேண்டியதில்லை. எழுதிய வரி காணாமல் போவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. தூரத்திலிருந்து ஒருத்தர் தலையசைப்பது போல.

அவர் காணாமல் போன பிறகும் அவள் எழுதுவதை நிறுத்தவில்லை. போலீஸுக்கும், அவரை அனுப்பிய கம்பெனிக்கும் அலைந்து ஓய்ந்த பிறகுதான் அதிகமாக எழுதினாள். எதுவும் அழியவில்லை. ஏழு வருஷமாக வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் குவிந்தன.

'தண்ணி மோட்டார் ரிப்பேர். உங்க தம்பி பார்த்ததுல இன்னும் ரிப்பேர்.'

'அத்தைக்குக் கண்ணாடி போட்டாச்சு. நானே தேய்ச்சேன். இப்ப சாம்பார்ல முடி கிடந்தா என்னை விட முன்னாடி பாத்துடறாங்க.'

'கதவு சத்தம் கேட்டா இப்பல்லாம் நான் எழுந்துக்கறதில்ல.'

மூடித் திறந்தாள். மோட்டார் வரி போயிருந்தது.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" கடை முதலாளி திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "அந்த ஸ்கூல் டீச்சரோட லென்ஸ் ஆச்சா?"

கீழே பார்த்தாள். எப்போது மாட்டினாளோ, டீச்சரின் லென்ஸ் சக்கரத்தில் பாதியாய்த் தேய்ந்து நிலாத் துண்டு மாதிரி கிடந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

முதலாளி லென்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மத்தியானம் தானே லீவு கேட்டீங்க? இப்பவே போங்க. இன்னும் நின்னா கடையவே தேய்ச்சுடுவீங்க."

*

சார்ஜர் ஒரு போனின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு அதற்குள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இதப் பாரு. இது தானா அழியுமா?"

"எது அண்ணி?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஏழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, ஈயம் உருகும் புகைக்கு நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு போனை வாங்கிப் பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தான்.

"'உங்க தம்பிக்கு மூளை இருக்கற இடத்துல சிம் கார்டு இருக்கு'. இது என்னைப் பத்தியா?"

"அத விடுடா. ஏன் அழியுது சொல்லு."

"இந்தப் பிரவுசர் எப்படின்னா அண்ணி, பக்கம் நேரா உங்ககிட்ட வராது. எங்கயோ தூரத்துல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அது மொதல்ல படிச்சு, சுருக்கி, எழுத்த மட்டும் உங்களுக்கு அனுப்பும். அதனாலதான் காசு கம்மி. சேமிச்சதும் அங்கதான் இருக்கு. அங்க ஏதாவது கோளாறா இருக்கும்."

நடுவில் எதுவோ உட்கார்ந்து எல்லாவற்றையும் தனக்கு முன்னால் படிக்கிறது என்பது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கோளாறுன்னா மொத்தமா போகணும்ல? இது ஒவ்வொண்ணா போகுது. மேலேர்ந்து."

"அப்ப அண்ணன் போனு யார் கையிலயோ மாட்டியிருக்கு. செகண்ட்ஹேண்டுல வாங்கினவன் குப்பைய அழிக்கறான்." சொல்லிக்கொண்டே மூடித் திறந்தான். 'மூளை' வரி போய்விட்டது. மறுபடி மூடித் திறந்தான். அடுத்தது போகவில்லை. இன்னொரு முறை. போகவில்லை.

அது நீளமான வரி. அவளுக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது எழுதியது. தலைப்பில் இடம் தீரும்வரை எழுதியிருந்தாள்.

இருவரும் போன் மேல் குனிந்திருந்தார்கள். சாலையில் போன வண்டிகளின் சத்தம் எங்கோ போய்விட்டது. கொஞ்சம் கழித்துத் திறந்தபோது அதுவும் போயிருந்தது. அதன் பின் இரண்டு சின்ன வரிகள் சட்டுச் சட்டென்று போயின.

சார்ஜரின் முகத்தில் இருந்த கடைக்காரன் இறங்கிப்போய், தம்பி மட்டும் மிச்சமிருந்தான்.

"அண்ணி... அழிக்கலை. படிக்கறாங்க."

அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. இன்னொருவர் வாயால் கேட்டதும் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எங்கோ ஒரு கட்டைவிரல். அதே மாதிரி பட்டன் மேல். கீழே, கீழே, கீழே. அது நின்று நின்று போகிறது. எங்கே நிற்கும், எங்கே தாண்டும் என்று அவளுக்குத் தெரியும், எழுதியவள் அவள்தானே. இன்னும் கொஞ்சம் கீழே ஒரு வரி இருந்தது. போன மழைக்காலத்தில், கூரை ஒழுகிய ஒரு பகலில் எழுதியது. 'செத்துத்தான் போனீங்கன்னா, சொல்லிட்டுச் செத்திருக்கலாம். இப்படி இழுத்தடிக்கறதுக்கு நீங்க செத்தே இருக்கலாம்.'

"இத நான் அழிச்சுடட்டுமா?" என்றாள். வாய்விட்டுச் சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

"பாஸ்வேர்ட மாத்திடறேன் அண்ணி. கதவ அடைச்ச மாதிரி. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நாம போய்க் கையெழுத்தப் போட்டுட்டு வந்துடலாம். எவனோ என்னமோ..." போனைத் தன் பக்கம் இழுத்தான்.

அவள் பிடுங்கிக்கொண்டாள். அவன் கையில் நகம் பட்டுக் கீறியது.

"அண்ணி!"

"கதவ அடைக்காத."

அந்த மழைக்கால வரியை அவள் அழிக்கவும் இல்லை. விரல் அதன் மேல் வந்து நின்றது. அழித்தால் அது, பார்த்தாயிற்று என்று ஆகும். தான் எழுதியதைத் தானே பார்த்துத் தலையசைப்பதில் என்ன இருக்கிறது? அவள் யோசித்து முடிப்பதற்குள் அது அவள் கண்ணெதிரில் இல்லாமல் போனது.

*

வக்கீல் ஆபீஸ் மாடியில் இருந்தது. முழங்கால் வலியோடு படியேறிய மாமியார், வெளியறை பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மருமகள் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

"ஏம்மா, போனையே நோண்டிட்டிருக்க?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"அவனும் வரும்போதுலேர்ந்து வாய் திறக்கல. என்னடா, ரெண்டு பேரும் சேந்து எதையாவது ஒளிக்கறீங்களா?"

சார்ஜர் கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தான்.

"கையெழுத்து வேணாம்னு தோணுதா உனக்கு?" மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மட்டும் ஆசையா? பெத்தவ. ஆனா வாசல்ல ஒருத்தன் நின்னுட்டே இருக்கான்மா. காலைல பால் எடுக்கப் போனா நிக்கறான். வாசல் கழுவப் போனா நிக்கறான். உள்ள வாடான்னாலும் வரல, போடான்னாலும் போகல. ஏதாவது ஒண்ணு சொல்லி அனுப்பணும்ல? தண்ணிய அவன் கால் மேல ஊத்தாம கழுவறதுக்கே எனக்கு ஒரு நாழி ஆகுது."

இதை அவள் இதுவரை சொன்னதில்லை.

பட்டியலில் இப்போது ஒரே ஒரு வரிதான் பாக்கி. போன வாரம், தட்டுகளைக் கழுவிவைத்த கையோடு எழுதியது. 'புதன்கிழமை கையெழுத்துப் போடப் போறேன். ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க.'

வக்கீல் உள்ளே கூப்பிட்டார். மேஜையில் காகிதம் தயாராக இருந்தது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார். "ஒரு தடவை படிச்சுட்டுப் போடுங்கம்மா."

படித்தாள். 'வேறு எந்த வழியிலோ' வரும் இடத்தில் நின்றாள்.

"சார், சேதின்னா என்ன?"

"சேதின்னா சேதிதான். லெட்டர், போன், யாராச்சும் பாத்தேன்னு வந்து சொல்றது. ஏன், ஏதாவது வந்துச்சா?"

"எனக்கு ஒண்ணும் வரல. நான் அனுப்பினத யாரோ படிக்கறாங்க. காலைலேர்ந்து."

வக்கீல் பேனாவை மூடவும் இல்லை, தரவும் இல்லை. "யாரு?"

"தெரியல."

"யாருன்னு தெரியாதவங்க, நீங்க அனுப்பினதப் படிச்சா, அது உங்க வீட்டுக்காரர்கிட்டேர்ந்து வந்த சேதி எப்படிம்மா ஆகும்?"

சார்ஜர்தான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினான்: ஒரே கணக்கு, தன் சோம்பேறித்தனம், அழிந்தால் பார்த்ததாக அர்த்தம் என்பது, நீள வரிக்கு நேரம் எடுத்தது. மாமியார் அசையாமல் கேட்டாள். கடைசியில், "ஏழு வருஷமா எழுதினியா?" என்று மட்டும் மருமகளைக் கேட்டாள்.

"ஆமா அத்தை."

"என்னைப் பத்தியும்?"

"கொஞ்சம்."

"ம்." கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டாள். "கேளு. நீங்கதானான்னு கேளு. இங்கயே, எல்லார் முன்னாடியும்."

அண்ணி மூடித் திறந்தாள். கடைசி வரியும் போயிருந்தது. 'சேமித்த பக்கங்கள் இல்லை' என்று போன் சொன்னது. ஏழு வருஷம் பேசியது துடைத்த பலகை மாதிரி கிடந்தது. எதிரே யாரோ படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

எப்படிக் கேட்பது? அழிந்தால் பார்த்ததாகத்தான் அர்த்தம்; ஆமாம் என்று அர்த்தமில்லை. யோசித்து, பட்டன்களைத் தேடித் தேடி அழுத்தினாள். 'நீங்க அவர்னா இத அப்படியே விட்டுடுங்க. அவர் இல்லன்னா அழிச்சுடுங்க.'

சேமித்தாள். போனை மேஜையின் நடுவில், காகிதத்தின் மேலேயே வைத்தாள்.

நாலு தலைகள் அதன் மேல் குனிந்தன. வக்கீலின் தலையும்தான். திரை அணைந்தது. அவள் தொட்டு எழுப்பினாள். மூடித் திறந்தாள். வரி இருந்தது.

"இருக்கு" என்றான் சார்ஜர். "அம்மா, இருக்கும்மா!"

மாமியாரின் கை வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தது. மூடித் திறந்தாள்.

வரி இல்லை.

வக்கீல் தான் முதலில் நிமிர்ந்தார். "அவர் இல்லைன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்ப அது சேதி இல்லைம்மா" என்று மெதுவாகச் சொல்லி, பேனாவை மறுபடி நீட்டினார்.

"இதுதான் சார் சேதி" என்றாள் அண்ணி. "அவர் போன், அவர் இல்லாத ஒருத்தர் கையில இருக்கு. அவங்களுக்கு நம்ம பாஷை தெரியுது. கேட்டா பொய் சொல்லாம பதிலும் சொல்றாங்க. ஒண்ணும் வரலைன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

சத்தம் போடுவாள் என்று அவள் எதிர்பார்த்த மாமியார் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பளையா இருந்தா இவ்வளவும் உக்காந்து படிச்சிருக்க மாட்டான்" என்றாள். "பொம்பள."



அண்ணி தனக்குள் பொறாமையைத் தேடிப் பார்த்தாள். அது இன்னும் வந்து சேரவில்லை. வந்தது வேறு. ஒரு பெண். மோட்டார் ரிப்பேரை, காய்ச்சலை, சாம்பாரில் கிடந்த முடியை, செத்தே இருக்கலாம் என்று சொன்னதை, ஒன்றுவிடாமல் படித்திருக்கிறாள். இவள் அந்தரங்கத்தை இவ்வளவு தெரிந்த இன்னொரு ஜீவன் இந்த உலகத்தில் கிடையாது. அவளைப் பற்றி இவளுக்குத் தெரிந்ததோ, நீளமான வரிகளை அவள் தாண்டிப் போக மாட்டாள் என்பது ஒன்றுதான்.

போனை எடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அக்காவா, தங்கச்சியா? எந்த முறையும் வாயில் நிற்கவில்லை. கூப்பிடாமலேயே எழுதினாள்.

'அவர் எங்க?'

சேமித்தாள். வக்கீல் காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். மூவரும் படியிறங்கினார்கள். மாமியார் ஒவ்வொரு படியிலும் நின்றாள். அவள் நின்ற ஒவ்வொரு படியிலும் அண்ணி மூடித் திறந்தாள். வரி இருந்தது. வீதிக்கு வந்த பிறகும் இருந்தது. சார்ஜர் வண்டி பிடிக்க ஓடினான். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்படியே இருந்தது.

"இன்னும் பாக்கலையா?" என்றாள் மாமியார்.

இரண்டே சொல். இதைப் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது.

"பாத்துட்டா அத்தை" என்றாள் அண்ணி. "அழிக்கத்தான் முடியல அவளால."